பேசத் தெரிந்த பிள்ளை எழுதத் தயங்குவது ஏன்?

முதன்முதலாக அருளப்பட்ட திருமறை வசனங்கள் வாசிப்பையும் எழுதுகோலையும் சேர்த்தே நினைவூட்டுகின்றன. எழுதுகோலின் பெயரைத் தாங்கிய ‘அல் கலம்’ அத்தியாயமும் அதில் உண்டு. ஆயினும் நம் வீடுகளில் பிள்ளையின் வாசிப்புக்குக் கிடைக்கும் கவனம் எழுத்துக்குக் கிடைப்பதில்லை. எழுத்து என்றதும் அழகிய கையெழுத்தும் பிழையற்ற சொல்வதெழுதலுமே பெற்றோர் பலரின் நினைவுக்கு வருகின்றன.

அவை தேவையானவைதாம். ஆனால் எழுதும்போது சிறுபிள்ளை மூன்று வேலைகளை ஒரே நேரத்தில் செய்கிறது. கை எழுத்தை வரைகிறது; காது கேட்ட ஒலிக்குரிய எழுத்தைத் தேடுகிறது; மனம் சொல்ல வேண்டியதை ஒழுங்குபடுத்துகிறது. இம்மூன்றும் ஒன்றாக அழுத்தும்போது, ஓயாமல் கதை சொல்லும் பிள்ளையும் கொப்பிக்கு முன்னால் வாயடைத்துப் போகிறது. எனவே இவற்றைத் தனித்தனியே பழக்கி, பின்னர் சேர்ப்பதே கற்பித்தலின் முதற்படி.

முதலில் கை. களிமண் உருட்டுதல், மணி கோத்தல், கத்தரிக்கோலால் வெட்டுதல் என்பன விரல்களுக்கு வலுவூட்டும் பயிற்சிகள். பின்னர் நேர்கோடு, வளைவு, சுழி எனக் கோடுகளைப் பழக்கலாம். ட, ப, ம போன்ற எளிய வடிவங்களில் தொடங்கி, சுழிகள் நிறைந்த அ, இ, ஆகியவற்றுக்குச் செல்வது பிள்ளைக்கு இலகு. அரிச்சுவடியின் வரிசையிலேயே எழுதிப் பழக வேண்டும் என்ற கட்டாயமில்லை.

அடுத்தது ஒலியும் எழுத்தும். தமிழில் உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1 என 247 எழுத்துகள் உள்ளன. துணைக்குறிகளின் ஒழுங்கு புரிந்தால் இவற்றுட் பெரும்பாலானவை தாமாகவே கைவரும். இடறும் இடங்கள் சிலவே. ‘கெ’ என்பதில் முதலில் ஒலிப்பது ககரம்; முதலில் எழுதுவதோ கொம்பு. அதனாற் பிள்ளை கொம்பைப் பின்னால் இடுவது கவனக்குறைவன்று; அது கேட்ட ஒழுங்கிலேயே எழுதுகிறது. நம் பிள்ளைகள் மத்ரஸாவில் வலமிருந்து இடமாக அறபையும், பாடசாலையில் இடமிருந்து வலமாகத் தமிழையும் எழுதுகிறார்கள் என்பதையும் மறந்துவிடக் கூடாது. தொடக்க ஆண்டுகளில் எழுத்தைத் திருப்பி எழுதுவது பல பிள்ளைகளிடம் காணப்படும் இயல்பே. அதற்காக அடிப்பதோ நூறு தடவை எழுத வைப்பதோ எழுத்தின் மீது வெறுப்பையே வளர்க்கும்.

ந, ன, ண மயக்கத்துக்குச் சிறிய விதிகள் உதவும். சொல்லின் தொடக்கத்தில் வருவது ‘ந’. ‘த’வுக்கு முன் ‘ந்’ (பந்து), ‘ட’வுக்கு முன் ‘ண்’ (வண்டி), ‘ற’வுக்கு முன் ‘ன்’ (கன்று). ஒரு வாரத்துக்கு ஒரு விதி போதுமானது.

மூன்றாவதும் முதன்மையானதும் மனம். புலமைப்பரிசில் பரீட்சையை எண்ணி மாதிரிக் கட்டுரைகளை மனனம் செய்விப்பது இன்று பரவலான வழக்கம். ‘பெருநாள் முஸ்லிம்களின் முக்கிய பண்டிகையாகும்’ என்று வகுப்பு முழுவதும் ஒரே வாக்கியத்தை எழுதுகிறது. அதற்குப் பதிலாக, “பெருநாளன்று வீட்டில் முதலில் எழும்பியது யார்? வட்டிலப்பத்துக்கு முட்டை அடித்தது யார்?” என்று கேட்டுப் பாருங்கள். “உம்மா முட்ட அடிச்சா, ராத்தா கருப்பட்டி சீவினா” என்று பிள்ளை சொல்லும். அதையே ‘உம்மா முட்டை அடித்தார். ராத்தா கருப்பட்டி சீவினார்’ என எழுதிக் காட்டுங்கள். பேச்சுமொழி எழுத்துமொழியாகும் வழியைப் பிள்ளை தன் வாக்கியத்திலேயே கண்டுகொள்கிறது. முதலில் பிள்ளை சொல்லப் பெரியவர் எழுதலாம். பின்னர் இருவரும் சேர்ந்து எழுதலாம். இறுதியில் பிள்ளை தனித்து எழுதட்டும்.

உம்மா, வாப்பா, ராத்தா, நானா என்ற சொற்களை அம்மா, அப்பா, அக்கா, அண்ணா எனத் திருத்த வேண்டுமா? வேண்டியதில்லை. ‘அடிச்சா’ என்பது ‘அடித்தார்’ ஆவது மொழிநடை பற்றியது. ‘உம்மா’ என்பது பிள்ளையின் வீடு. நம் மூத்தோர் தமிழை அறபு எழுத்தில் எழுதியபோது, அறபில் இல்லாத தமிழ் ஒலிகளுக்காகப் புதிய எழுத்துகளையே ஆக்கிக்கொண்டார்கள். தம் பேச்சுக்கு எழுத்தை வசப்படுத்தியவர்களின் வழித்தோன்றல்கள் தம் வீட்டுச் சொற்களை எழுதக் கூச வேண்டியதில்லை.

திருத்தும்போதும் நிதானம் தேவை. எழுதியதை முதலில் வாசித்து, சொன்ன விடயத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசுங்கள். பின்னர் ஒருவகைப் பிழையை மட்டும் சுட்டிக்காட்டுங்கள். பக்கமெங்கும் சிவப்பு மையைக் காணும் பிள்ளை, அடுத்த முறை தனக்கு நிச்சயமாகத் தெரிந்த நான்கு சொற்களை மட்டுமே எழுதும்.

எழுத்துக்கு வாசகரும் வேண்டும். மத்திய கிழக்கில் தொழில் செய்யும் வாப்பாவுக்கு ஒரு கடிதம், கடைக்குக் கொண்டுசெல்லும் சாமான் பட்டியல், சுகமில்லாத உம்மம்மாவுக்கு ஒரு வாழ்த்து அட்டை என்பன வீட்டிலேயே கிடைக்கும் பயிற்சிகள். குரல்பதிவு அனுப்பும் இக்காலத்தில், எழுதுவதற்கான காரணத்தை நாமே உருவாக்க வேண்டியுள்ளது.

இது புள்ளிகளுக்கான விடயம் மட்டுமன்று. மனனத்தில் வளர்ந்த மாணவி, உயர் வகுப்பில் தன் கருத்தை எழுதுமாறு கேட்கப்பட்டால் திகைத்து நிற்கிறாள். நாளை ஒரு விண்ணப்பத்துக்கும் ஒரு முறைப்பாட்டுக்கும் இன்னொருவரின் கையை எதிர்பார்க்க நேரிடுகிறது. தன் தேவையைத் தானே எழுதத் தெரிந்த பெண்ணுக்கு அந்தத் தங்கியிருத்தல் இல்லை.

இதை வாசிக்கும் மாணவியரே, உங்கள் தம்பி தங்கையருடன் இன்றிரவு பத்து நிமிடம் அமருங்கள். அன்று நடந்த ஒன்றைச் சொல்லச் செய்து, அதில் ஒரு வாக்கியத்தை எழுதச் செய்யுங்கள். நாளைக்கு இன்னொன்று. ஒரு தவணை முடிவதற்குள் அந்தக் கொப்பி நிறைந்துவிடும். அதில் மாதிரிக் கட்டுரை ஒன்றும் இராது.