உயிரியல் மாணாக்கரும் குறிப்பேடும்

பரீட்சைக் காலம் அணுகும்பொழுது மாணாக்கர் கைகளிலே புத்தகங்கள் குறைந்து குறிப்புகள் மிகுதல் யாவரும் கண்டதொன்று. உயிரியற் பிரிவிற் கற்போரிடத்து இது பின்னும் மிகுதி. ஓராண்டு மூத்த மாணவர் எழுதிய கொப்பி, தனியார் வகுப்பில் வழங்கிய அச்சுத்தாள், அதன் பிரதி, பிரதியின் பிரதி என்றிவ்வாறு அவை கல்முனையிலிருந்து அக்கரைப்பற்றுக்கும், அங்கிருந்து திருக்கோவிலுக்கும், பின்னர் சாகாமத்துக்கும் கைமாறி வருகின்றன. வந்து சேரும்பொழுது படங்களின் கோடுகள் மங்கி, உறுப்புகளின் பெயர்கள் பாதி அழிந்திருத்தலும் உண்டு. அவற்றை இகழ்தல் எமது நோக்கமன்று. ஆய்வுகூடமும் நூலகமும் வாய்க்காத ஊர்களிலே பலருக்கு அவையே துணை. ஆயினும், குறிப்பினால் ஆவது யாது, ஆகாதது யாது என்று தெளியாத மாணவனுக்கு அத்துணையே தடையாகவும் முடியும்.

சாகாமத்திற் கற்பித்த நாளிலே நிகழ்ந்ததொன்றை ஈண்டுக் கூறுதல் பொருந்தும். நுளம்பின் வாழ்க்கை வட்டத்தை, முட்டை, குடம்பி, கூட்டுப்புழு, நிறையுடலி என ஒரு சொல்லும் தவறாது ஒப்புவிக்கும் மாணவி ஒருத்தி வகுப்பில் இருந்தாள். ஒருநாள் வகுப்பினரைக் குளக்கட்டுக்கு அழைத்துச் சென்றேன். கரையோரத்தே மாடுகளின் குளம்படிப் பள்ளங்களிலே நீர் தேங்கி நின்றது. “இதற்குள் என்ன தெரிகிறது, பிள்ளை?” என்று வினவினேன். “ஏதோ சின்னப் புழுக்கள், சேர்” என்றாள். அவள் நாள்தோறும் ஒப்புவித்த குடம்பிகளே அவை. குற்றம் அவளுடையதன்று. சொல்லைக் கொடுத்துப் பொருளைக் காட்டாது விட்ட என்னுடையதே.

தமிழிலே மேனாட்டு மருத்துவத்தைக் கற்பிக்கப் புகுந்த முன்னோர் இவ்விடர்ப்பாட்டை நன்கு அறிந்திருந்தனர். அமெரிக்க மிசனைச் சார்ந்த வைத்தியர் சாமுவேல் கிறீன் 1847ஆம் ஆண்டு யாழ்ப்பாணம் வந்து, பின்னர் மானிப்பாயிலே வைத்தியசாலை நடாத்தி மாணாக்கரையும் பயிற்றினார். தொடக்கத்தில் ஆங்கிலத்திலே கற்பித்தவர், 1860களிலே தமிழுக்கு மாறினார். ஆங்கிலத்திற் கற்றோர் உத்தியோகம் நாடி வேற்றிடம் செல்வர், தமிழிற் கற்றோர் தம் ஊரவர் நடுவே நின்று மருத்துவம் செய்வர் என்பது அவர் கருத்து. அதற்கெனவே ‘இரண வைத்தியம்’ 1867இலும், ‘மனுஷ அங்காதிபாதம்’ 1872இலும், ‘கெமிஸ்தம்’ 1875இலும் வெளிவந்தன. அவரும் அவர்தம் மாணாக்கரும் ஆக்கிய மருத்துவ நூல்கள் நாலாயிரத்துக்கு மேற்பட்ட பக்கங்கள் கொண்டவை. 1884ஆம் ஆண்டு தம் தாயகத்தில் மறையும்வரை அவர் இப்பணியை விட்டாரல்லர்.

அந்நூல்களின் தலைப்புகளே ஒரு பாடம் புகட்டுகின்றன. அங்காதிபாதம் என்றது இன்று உடற்கூற்றியல் ஆயிற்று. கெமிஸ்தம் இரசாயனவியல் ஆயிற்று. சொற்கள் மாறின; உறுப்புகளும் அவற்றின் தொழில்களும் மாறவில்லை. ஆகவே, சொல்லை மட்டும் பற்றி நிற்பவன் சொல் மாறும் இடத்தில் இடறுவான். இவ்விடறல் இன்றைய மாணவனுக்கும் உண்டு. நம் பாடநூலிலே கலம், இழையம், நாடி, நாளம், நிறமூர்த்தம் எனக் கற்றவன், தமிழகத்து நூலொன்றை விரிக்கும்பொழுது செல், திசு, தமனி, சிரை, குரோமோசோம் என்பவற்றைக் கண்டு திகைக்கின்றான். அவனே மருத்துவபீடம் புகுந்தால் அங்கே போதனாமொழி ஆங்கிலம். எனவே குறிப்பேட்டின் இறுதியிலே சில தாள்களை ஒதுக்கி, ஒவ்வொரு கலைச்சொல்லுக்கும் எதிரே தமிழகத்து வழக்கையும் ஆங்கிலச் சொல்லையும் எழுதி வருதல் நன்று. நாளொன்றுக்கு ஐந்து சொல்லாயினும், ஈராண்டிலே அது சிறியதோர் அகராதியாகிவிடும்.

இனி, நல்ல குறிப்பின் இயல்பு யாதெனின், அது செய்திகளின் குவியலாக அமையாது, பல செய்திகளைத் தன்னுள் அடக்கும் விதியாக அமைதல் வேண்டும். ஓர் எடுத்துக்காட்டுக் கூறுவோம். ‘நாடி ஒட்சிசன் மிக்க குருதியைக் கொண்டுசெல்லும், நாளம் ஒட்சிசன் குறைந்த குருதியைக் கொண்டுசெல்லும், சுவாசப்பை நாடியும் சுவாசப்பை நாளமும் விதிவிலக்கு’ என்று பல குறிப்புகளிலே காண்கின்றோம். இதனை மனனஞ் செய்தவன், முதிர்மூலவுருவின் கொப்பூழ் நாடியைப் பற்றி வினாவும்பொழுது தவறுகின்றான். ‘இதயத்தினின்று குருதியை வெளியே கொண்டுசெல்வது நாடி, இதயத்துக்கு மீட்டுக் கொணர்வது நாளம்’ என எழுதியிருப்பின் விதிவிலக்கே வேண்டா. சுவாசப்பை நாடியும் கொப்பூழ் நாடியும் இதயத்தினின்று விலகிச் செல்கின்றன. ஆதலால் இரண்டும் நாடியே. ஒன்று சுவாசப்பைக்கும் மற்றது சூல்வித்தகத்துக்கும் ஒட்சிசன் பெறச் செல்வதால், இரண்டிலும் ஒட்சிசன் குறைந்த குருதியே ஓடுகின்றது. மூன்று வரியை ஒரு வரியாக்கியதோடு, காரணமும் உடன் வந்தமை காண்க.

இரண்டாவதாக, குறிப்பு தன் ஊர்மண்ணிலே வேர்கொள்ளுதல் வேண்டும். அனோபிலிசு நுளம்பின் குடம்பி நீர்ப்பரப்புக்குச் சமாந்தரமாகக் கிடக்கும்; அதற்கு நீண்ட சுவாசக் குழாய் இல்லை. கியூலெக்சு, ஈடிசு என்பவற்றின் குடம்பிகளோ சுவாசக் குழாயை நீர்ப்பரப்பிற் பதித்துத் தலைகீழாகத் தொங்கும். ஒரு வெண்ணிறக் கிண்ணத்தில் நீரை மொண்டு வெயிலிலே வைத்து நோக்கினால் இவ்வேறுபாட்டைக் கண்ணாலேயே காணலாம். அல்லியிலையின் மேற்புறத்திலே இலைவாய்கள் இருத்தலையும், அதன் காம்பிலே காற்றறைகள் இருத்தலையும் குளத்தருகே வாழும் பிள்ளை ஒரு சவர அலகும் கைவில்லையும் கொண்டு ஆராயத் தொடங்கலாம். மீனுக்கு உப்பிட்டுக் கருவாடு ஆக்கும் கரையோரத்தில் பிரசாரணத்துக்கு வேறு உதாரணம் தேட வேண்டுமோ? மீனின் கலங்களிலிருந்து நீர் உப்பை நோக்கி வெளியேறுதலை அவ்வூர்த் தாய்மார் பெயர் அறியாமலே கையாளுகின்றனர்.

இங்ஙனம் கற்றல் பரீட்சைக்கு மட்டும் பயன்படுவதன்று. 1934, 1935ஆம் ஆண்டுகளிலே இலங்கையைத் தாக்கிய மலேரியாவால் ஏறத்தாழ 80,000 பேர் மாண்டனர். பின்னர் டி.டி.ற்றி. தெளித்தமையாலும் பிற முயற்சிகளாலும் 1963ஆம் ஆண்டிலே நோயாளர் தொகை 17 ஆகக் குறைந்தது. நோய் ஒழிந்ததென்று விழிப்புத் தளர்ந்தது. 1960களின் இறுதியிலே நோயாளர் இலட்சக் கணக்கிற் பெருகினர். பெருமுயற்சியின்பின், உள்நாட்டிலே தொற்றிய இறுதி நோயாளர் 2012இல் இனங்காணப்பட்டார். 2016இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடெனச் சான்றளித்தது. அதே ஆண்டின் இறுதியில் அனோபிலிசு இசுற்றெபன்சி என்னும் புதியதொரு நுளம்பு மன்னாரிலே காணப்பட்டது. குடம்பியைக் கண்டறிய வல்ல கண்கள் நாட்டுக்கு இன்னும் வேண்டும் என்பதற்கு இதனினும் சான்று வேறில்லை.

மீட்டற் பயிற்சி பற்றியும் சில கூறுவாம். மாணவருட் பெரும்பாலார் குறிப்பை மீண்டும் மீண்டும் வாசித்தலையே மீட்டல் எனக் கருதுகின்றனர். 2006ஆம் ஆண்டு அமெரிக்காவிலே ரோடிகர், கார்ப்பிக்கி என்னும் உளவியலாளர் இதனைச் சோதித்தனர். ஒரு சாரார் படித்த பகுதியை மீளவும் வாசித்தனர். மற்றொரு சாரார் அதனை மூடிவைத்து நினைவிலிருந்து எழுதினர். ஐந்து நிமிடத்தின்பின் வாசித்தவரே சற்று முன்னின்றனர். ஒரு கிழமை சென்றபின்னரோ, எழுதியவர் நூற்றுக்கு 56 பங்கும் வாசித்தவர் 42 பங்கும் நினைவு கூர்ந்தனர். வாசிக்குந்தோறும் ‘இது எனக்குத் தெரிந்ததே’ என்னும் எண்ணம் எழுகின்றது. அவ்வெண்ணமே மாணவனை ஏமாற்றுகின்றது.

இவ்வுண்மை நமக்குப் புதியதுமன்று. நூல் பயிலும் முறையை வகுத்த பவணந்தி முனிவர், கேட்டதைச் சிந்தித்தலையும், ஆசானை அணுகி மீளக் கேட்டலையும், உடன் கற்பாரோடு பயின்று வினாவுதலையும், வினாவியவற்றுக்கு விடை கூறுதலையும் நன்னூலிலே எடுத்தோதினார். அச்சுத்தாளை அடுக்கி வைத்தல் அவர் கூறிய முறைகளுள் ஒன்றன்று.

ஆதலின் மாணாக்கர் கைக்கொள்ளத்தக்க முறை இது. கொப்பித் தாளின் இடப்புறத்தே வினாவையும் வலப்புறத்தே விடையையும் எழுதுக. கற்ற அன்றிரவே வலப்புறத்தை மறைத்து விடை கூறுக. மூன்றாம் நாளும், ஒரு கிழமை சென்றும், ஒரு திங்கள் சென்றும் அவ்வாறே செய்க. இதயம், சிறுநீரகத்தி முதலியவற்றின் படங்களைப் பாராது வரைந்து, பின்னர் நூலோடு ஒப்பிட்டுப் பிழையைச் சிவப்பு மையினாற் குறிக்க. அச்சிவப்புக் குறிகளே மெய்யான மீட்டற் குறிப்பு. உயர்தர உயிரியலின் முதல் வினாத்தாளிலே இரண்டு மணித்தியாலத்துள் 50 வினாக்களுக்கு விடையளித்தல் வேண்டுமாதலின், பழைய வினாத்தாள்களை நேரம் குறித்தே செய்க. தவறிய வினாவுக்குச் சரியான விடையை எழுதுவதோடு நில்லாது, ஏனைய நான்கும் பிழையாதல் ஏன் என்பதையும் ஒரு வரியில் எழுதுக.

பழைய மாணவராகிய நாமும் ஒன்று செய்யலாம். நம்மிடத்துள்ள பழங் கொப்பிகளைக் கையளிப்பதோடு அமையாது, ஒரு நுணுக்குக்காட்டியையோ, ஆயத்தஞ் செய்த சில வழுக்கிகளையோ பின்தங்கிய பாடசாலை ஒன்றுக்கு வழங்கலாம். அதுவும் இயலாதார் விடுமுறை நாளொன்றிலே பிள்ளைகளோடு ஒரு குளக்கட்டுக்குச் செல்லலாம். கிறீன் விரும்பியவாறு தம் ஊரவர் நடுவே நின்று நோய் தீர்ப்போர் சாகாமம் போன்ற ஊர்களிலிருந்தே தோன்றல் வேண்டும். அன்று புழுக்கள் என்றுரைத்த அம்மாணவி, மறுகிழமை தானே ஒரு போத்தலில் நீர் கொணர்ந்து மேசைமேல் வைத்து, “சேர், இது அனோபிலிசு இல்லை, தலைகீழாகத் தொங்குகிறது” என்றாள். அவ்வொரு வரி அவளுடைய கொப்பியில் எவரும் எழுதிக் கொடுத்ததன்று.