நாற்பது வயதுக் கணிப்பொறியும் உப்புக் காற்றும்

கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகச் சென்னையிலிருந்து புதுச்சேரிக்குப் போகிறவர்கள் மரக்காணத்தை நெருங்கும்போது இரு கண்ணுக்கும் தெரிவது வெள்ளை வெளேரென்ற உப்பளங்களே. கடலில் அலை உடையும்போது எழும் குமிழிகள் வெடித்து, நுண்ணிய நீர்த்துளிகளைக் காற்றில் வீசுகின்றன. துளியிலுள்ள நீர் ஆவியாகிவிடும். உப்புத் துகள் மட்டும் காற்றோடு ஊருக்குள் வந்து சேரும். இக்கரையில் வாழ்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சன்னல் கம்பியும் மிதிவண்டிச் சங்கிலியும் எவ்வளவு விரைவில் துருப்பிடிக்கின்றன என்பதை அவர்கள் நன்கு அறிவார்கள்.

இத்தகைய ஊரில், 1980-களில் செய்யப்பட்ட வீட்டுக் கணிப்பொறி ஒன்று பரண்மேல் கிடைக்கிறது என்று வைத்துக் கொள்வோம். இன்று அதை மீண்டும் இயக்க முடியுமா? முடியும். ஆனால், எளிதில் முடியாது. ஏன் என்று பார்ப்போமா?

நம் நாட்டுக்கு வந்த கதை

பிரிட்டனின் ஏகார்ன் நிறுவனம் 1981 டிசம்பரில் 'பி.பி.சி. மைக்ரோ' என்ற கணிப்பொறியை வெளியிட்டது. அதன் 'மாடல் பி' வகையின் நினைவகம் 32 கிலோபைட்டுகள் மட்டுமே. இன்று கைப்பேசியில் எடுக்கும் ஒரே ஒரு புகைப்படத்தை அதற்குள் அடைக்க முடியாது! இருப்பினும் ஒரு தலைமுறை மாணவர்கள் ஆணைத்தொடர் எழுதப் பழகியது அதில்தான்.

இந்திய அரசு 1984-85-இல் தொடங்கிய 'கிளாஸ்' என்னும் பள்ளிக் கணிப்பொறித் திட்டத்துக்கும் இதுவே தேர்ந்தெடுக்கப்பட்டது. பின்னர் மொகாலியிலுள்ள செமிகண்டக்டர் காம்ப்ளெக்ஸ் நிறுவனத்தின் வழியே இது 'யூனிகார்ன்' என்ற பெயரில் இங்கேயே உருவாயிற்று. 1982-இல் வந்த சின்க்ளேர் ஸ்பெக்ட்ரம் கணிப்பொறியின் மாற்று வடிவை டெசிபெல்ஸ் நிறுவனம் இந்தியாவில் விற்றது. ஆகவே நமது பரண்களிலும் பள்ளிக் கிடங்குகளிலும் இவற்றுள் சில இன்றும் உறங்கிக் கொண்டிருக்கக் கூடும்.

முதல் ஆபத்து: மின்சாரம்

பழைய பொறியைக் கண்டதும் மின்செருகியைச் சுவரில் பொருத்திப் பார்க்கவே கை துடிக்கும். அதைத்தான் செய்யக்கூடாது! மின்வழங்கிப் பகுதியில், வீட்டு மின்சாரத்தின் இரு கம்பிகளுக்கும் குறுக்கே ஒரு மின்தேக்கி இருக்கும். பி.பி.சி. மைக்ரோ உள்ளிட்ட அக்காலப் பொறிகள் பலவற்றில் இது உலோகப் பூச்சிட்ட காகிதத்தால் ஆனது. அதன் மேலுறை ஆண்டுகள் செல்லச் செல்ல வெடிப்பு விடுகிறது. வெடிப்பின் வழியே காகிதம் ஈரத்தைக் குடிக்கிறது. மின்சாரம் பாய்ந்த சில நிமிடங்களில் அது புகைந்து, நாற்றமெடுத்து எரிந்து போகும்.

இன்னொரு வகை மின்தேக்கியில் அலுமினியத் தகடுகளுக்கு நடுவே ஒரு திரவம் இருக்கும். அது மெல்ல உலர்ந்து போனால் மின்னழுத்தம் நிலையாக இராது. பொறி தொடங்கும், உடனே நிற்கும், மறுபடி தொடங்கும்.

ஓர் எச்சரிக்கை: மின்செருகியைக் கழற்றிய பின்னும் மின்தேக்கிகளில் மின்னூட்டம் தங்கியிருக்கும். பழைய தொலைக்காட்சிப் பெட்டியின் படக்குழாயில் இது உயிருக்கே ஆபத்தான அளவில் இருக்கக் கூடும். பயிற்சி பெற்ற ஒருவர் உடனில்லாமல் இவற்றைத் திறக்கவே கூடாது.

உப்பு செய்யும் வேலை

சரி, மின்வழங்கியைப் பழுது பார்த்தாயிற்று. இனி உள்ளே இருக்கும் மின்சுற்றுப் பலகைக்கு வருவோம். இங்குதான் மரக்காணத்துக் காற்று தன் கைவரிசையைக் காட்டுகிறது.

தூய சோடியம் குளோரைடு, காற்றின் ஈரப்பதம் சுமார் 75 விழுக்காட்டை எட்டினால்தான் ஈரத்தை உறிஞ்சிக் கரையும். ஆனால் கடல்நீரில் மக்னீசியம் குளோரைடும் இருக்கிறது. உப்பு எடுத்தபின் பாத்தியில் எஞ்சும் கசப்பு நீரில் மிகுந்திருப்பது இதுவே. இது 33 விழுக்காடு ஈரப்பதத்திலேயே கரையத் தொடங்கிவிடும். மழைக்காலத்தில் அடுக்களையிலுள்ள கல்லுப்பு கசிவதற்கும் இதுவே காரணம். நமது கடற்கரையில் காற்று அவ்வளவு உலர்ந்திருக்கும் நாள் அரிது. ஆகவே பலகையின்மேல் படிந்த கடலுப்புத் தூசி ஏறத்தாழ எப்போதும் ஒரு மெல்லிய உப்புநீர்ப் படலமாகவே இருக்கும்.

பலகையில் செம்புக் கோடுகள் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான இடைவெளியில் அருகருகே ஓடுகின்றன. ஒன்றில் 5 வோல்ட், அடுத்ததில் சுழி. நடுவே உப்புநீர். வேதியியல் வகுப்பு நினைவுக்கு வருகிறதா? ஆம், இது மின்பகுப்பேதான்! நேர்மின்வாயாகும் கோட்டிலிருந்து செம்பு கரைகிறது. எதிர்மின்வாயை அடைந்து அங்கே சிறு செடிபோல் கிளைவிட்டுப் படிகிறது. கிளை வளர்ந்து மறுகோட்டைத் தொட்டுவிட்டால் குறுக்குச் சுற்று. செம்பு கரைந்து கோடு அறுந்தாலோ சுற்றே இல்லை. எப்படியானாலும் திரை இருட்டுத்தான்.

இதைக் கழுவுவதிலும் அறிவியல் உண்டு. பலர் நேரடியாக ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைத் தேய்ப்பார்கள். ஆனால் உப்பு ஆல்கஹாலில் கரைவதில்லை, நீரில்தான் கரையும். எனவே, மின்தொடர்பை முற்றிலும் நீக்கிய பலகையை முதலில் வாலைவடிநீரால் கழுவ வேண்டும். பிறகு நீரை விரட்ட ஆல்கஹால். அதன்பின் நன்றாக உலர்த்த வேண்டும்.

இவ்வளவுக்கும் பிறகு பொறி விழிக்காவிட்டால், தாங்கிகளில் செருகப்பட்ட சில்லுகளை மெல்ல அழுத்திப் பார்ப்பது வழக்கம். சூடாகியும் குளிர்ந்தும் பல ஆண்டுகள் கழிந்ததில் அவை மயிரிழை அளவு மேலெழும்பியிருக்கும்!

படமும் பாட்டும்

திரைக்கு எங்கே போவது? இப்பொறிகள் தொலைக்காட்சிப் பெட்டியின் வானலை உள்வாயிலை நம்பிப் பிறந்தவை. இன்றைய தட்டைத் திரைகள் பலவற்றுக்குப் பழைய ஒப்புமை அலையைப் பிடிக்கத் தெரியாது. தெரிந்தாலும் படம் நடுங்கும். காரணம் சுவையானது. அக்காலத் தொலைக்காட்சிப் படத்தில் 625 வரிகள். இவை ஒன்றுவிட்டு ஒன்றாக, இரு தவணைகளில் வரும். ஸ்பெக்ட்ரம் போன்ற பொறிகளோ ஒரே 312 வரிகளைத் திரும்பத் திரும்ப அனுப்புகின்றன. பழைய படக்குழாய் அதைப் பொருட்படுத்தவில்லை. கணக்குப் பார்த்துப் படத்தைக் கட்டும் புதிய திரையோ குழம்பிப் போகிறது.

அடுத்து ஒலிநாடா. அன்று ஆணைத்தொடர்களைப் பாட்டுக் கேட்கும் கேசட்டில்தான் சேமித்தார்கள். பி.பி.சி. மைக்ரோவில், '0' என்பதற்கு 1200 ஹெர்ட்ஸ் அலை ஒன்று. '1' என்பதற்கு 2400 ஹெர்ட்ஸ் அலை இரண்டு. நொடிக்கு 1200 துணுக்குகள். ஓர் எழுத்துக்குத் தொடக்க, முடிவுக் குறிகளுடன் 10 துணுக்குகள் வேண்டும். ஆக நொடிக்கு 120 எழுத்துகள். 24 கிலோபைட்டு, அதாவது 24,576 எழுத்துகளை ஏற்ற எவ்வளவு நேரம் ஆகும்? நீங்களே வகுத்துப் பாருங்கள். ஏறக்குறைய மூன்றரை நிமிடம்!

அந்த மூன்றரை நிமிடத்தில் ஒரு துணுக்கு பிசகினாலும் பொறி கண்டுபிடித்துவிடும். நாடாவைப் பின்னுக்குச் சுற்றுமாறு திரையில் கட்டளையிடும். ஈரக் காற்றில் நாடாவில் பூஞ்சை படர்ந்திருக்கலாம். ஒலிப்பதிவுக் கருவியின் ரப்பர்ப் பட்டை தளர்ந்திருக்கலாம். படிக்கும் முனை சற்றே சாய்ந்திருக்கலாம். எதுவென்று அறியப் பொறுமை வேண்டும். சிலர் கேசட்டுக்குப் பதில் கைப்பேசியிலிருந்து அந்த ஒலியை ஊட்டுகிறார்கள். அதிலும் ஒலி போதாமல் தடுமாறுவது உண்டு.

எதற்காக இந்தப் பாடு?

இந்தப் பொறிகளைப் போல நடந்துகொள்ளும் மென்பொருள்கள் இன்று இருக்கின்றனவே, பழசை எறிந்துவிட்டால் என்ன? நல்ல கேள்வி. ஆனால் மென்பொருளுக்கு ஊட்ட, நாடாவிலுள்ள செய்தி வேண்டும். அதை யாராவது ஒருமுறையாவது படித்து எடுத்தாக வேண்டும் அல்லவா?

பிரிட்டனில் 1086-இல் 'டூம்ஸ்டே' என்னும் நில அளவைப் பதிவேடு தோலில் எழுதப்பட்டது. அதன் 900-ஆம் ஆண்டு நினைவாக, 1986-இல் பள்ளி மாணவர்களும் பொதுமக்களும் தங்கள் ஊர்களைப் பற்றி எழுதியும் படமெடுத்தும் அனுப்பினர். அவை பி.பி.சி. மாஸ்டர் கணிப்பொறியால் படிக்கத்தக்க லேசர்த் தட்டுகளில் பதியப்பட்டன. பதினாறே ஆண்டுகளில், அத்தட்டைப் படிக்கும் கருவி கிடைப்பதே அரிதாயிற்று. 2002-இல் லீட்ஸ், மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பெரும்பாடுபட்டு அதை மீட்டுக் காட்டினர். 1086-இன் தோல் ஏட்டையோ இன்றும் கண்ணால் படிக்கலாம்!

மரக்காணம் பூமீஸ்வரர் கோயிலில் சோழர் காலக் கல்வெட்டுகள் உள்ளன. இதே உப்புக் காற்றில் நின்றும் அவை செய்தி சொல்கின்றன. எழுத்தறிந்த கண் ஒன்றே அவற்றுக்குப் போதும். மின்னணுப் பதிவுக்கோ தட்டும், கருவியும், மின்சாரமும், மொழி தெரிந்த மென்பொருளும் ஆக நான்கும் சேர்ந்து வேண்டும். ஒன்று குறைந்தாலும் அது ஊமை.

ஆகவே உங்கள் பள்ளியிலோ வீட்டிலோ பழைய கேசட்டுகளோ நெகிழ்தட்டுகளோ இருந்தால் எறிந்துவிடாதீர்கள். சிலிக்கா ஜெல் பொட்டலத்துடன் காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். எந்தப் பொறிக்குரியது, எந்த ஆண்டு, என்ன செய்தி என்று ஒரு தாளில் பேனாவால் எழுதி உள்ளே போடுங்கள். இன்று நீங்கள் எடுக்கும் படங்களுக்கும் எழுதும் ஆணைத்தொடர்களுக்கும் இரண்டு படிகள், இரண்டு இடங்களில் இருக்கட்டும். ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை அவற்றைத் திறந்து பாருங்கள். உப்பு தன் வேலையை நிறுத்தப் போவதில்லை. நாம்தான் முந்திக் கொள்ள வேண்டும்.