இரண்டு மைக்குகள் சண்டையிட்டால்...

பள்ளி ஆண்டு விழா மேடையில் இரண்டு மைக்குகளுக்கு முன் நின்று ஒருவர் பேசுகிறார். சற்றே பக்கவாட்டில் நகர்ந்ததும் அவருடைய குரல் தகரக் குழாய்க்குள்ளிருந்து வருவதுபோல் மாறிவிடுகிறது. மைக் பழுது என்று எண்ணியிருப்பீர்கள். இல்லை, இரண்டு மைக்குகளுமே நன்றாக வேலை செய்கின்றன. அதுதான் தொல்லை!

இந்தத் தொல்லையைத் தினமும் சமாளிக்க வேண்டிய இடம் ஒன்று அமெரிக்காவின் சியாட்டில் நகரில் இருக்கிறது. கே.இ.எக்ஸ்.பி. என்ற வானொலி நிலையம் அது. 1972இல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் மாணவர் நிலையமாக வேறு பெயரில் தொடங்கி, 2001இல் இப்பெயர் பெற்றது. நேயர்களின் நன்கொடையே இதற்குப் பெரிய ஆதாரம். இசைக் குழுக்களை நிலையத்துக்கே வரவழைத்து, அவர்கள் பாடப் பாட ஒலிபரப்புவதில் பெயர் பெற்றது.

அங்கே ஒரு கன்ட்ரி ராக் குழு வருவதாக வைத்துக்கொள்வோம். அமெரிக்கக் கிராமப்புறப் பாடல்களின் சாயலும் ராக் இசையின் தாளமும் கலந்த இசை இது. 1960களின் பிற்பகுதியில் கிராம் பார்சன்ஸ் போன்ற பாடலாசிரியர்கள் இதை வளர்த்தார்கள். பாட்டை எழுதியவரே கிட்டார் வாசித்துக்கொண்டு பாடுவார். அருகில் பேஸ் கிட்டார், டிரம், பெடல் ஸ்டீல் கிட்டார்.

கடைசியாகச் சொன்ன கருவி விசித்திரமானது. மேசைபோல் கிடத்தி வைத்திருப்பார்கள். நம் கோட்டு வாத்தியத்தில் கட்டையை நகர்த்துவதுபோல, எஃகுத் துண்டு ஒன்றைத் தந்திகளின்மேல் வழுக்கி ஓட்டினால் சுரம் அழுவதுபோல் குழைந்து செல்லும். காலால் மிதியை அழுத்தினால் சில தந்திகளின் இழுவிசை மாறி, அவற்றின் சுரமும் மாறும். தந்திகளுக்கு அடியில் காந்தமும் கம்பிச் சுருளும் உண்டு. எஃகுத் தந்தி அதிரும்போது காந்தப்புலம் மாறுகிறது. சுருளில் மின்னழுத்தம் தூண்டப்படுகிறது. 1831இல் ஃபாரடே கண்டுபிடித்த அதே மின்காந்தத் தூண்டல்தான்! காற்றில் வரும் ஒலியை இந்தச் சுருள் பெரும்பாலும் பொருட்படுத்தாது. பக்கத்தில் டிரம் முழங்கினாலும் அதற்குக் கவலையில்லை.

பாடகரின் குரலுக்கு இந்த வசதி கிடையாது. அது காற்றின் வழியேதான் போயாக வேண்டும். போகும்போது தன் மைக்கில் மட்டுமா நுழைகிறது? கிட்டாருக்கு முன் வைத்த மைக்கிலும் நுழைந்துவிடுகிறது.

இப்போது ஒரு சிறு கணக்கு. பாடகர் மெய்மறந்து தலையைப் பின்னுக்கு இழுத்துக்கொள்கிறார். வாயிலிருந்து குரல் மைக் 40 சென்டிமீட்டர் தொலைவிலும், கிட்டார் மைக் 74 சென்டிமீட்டர் தொலைவிலும் உள்ளன. வித்தியாசம் 34 சென்டிமீட்டர். ஒலியின் வேகம் வினாடிக்குச் சுமார் 340 மீட்டர். ஆகவே இரண்டாவது மைக்குக்குக் குரல் ஆயிரத்தில் ஒரு வினாடி தாமதமாகப் போகிறது. இது ஒரு பொருட்டா என்கிறீர்களா? 500 ஹெர்ட்ஸ் ஒலி ஓர் அதிர்வை முடிக்க ஆயிரத்தில் இரண்டு வினாடி ஆகும். எனவே ஒரு மைக்கில் அலை மேடாக இருக்கும்போது மற்றதில் பள்ளமாக இருக்கும். இரண்டையும் கூட்டினால் அந்தச் சுரம் மெலிந்துவிடும். 1500, 2500 ஹெர்ட்ஸ் ஒலிகளுக்கும் இதே கதி. மாறாக 1000, 2000 ஹெர்ட்ஸ் ஒலிகள் வலுக்கும். குரலின் முகமே மாறிவிடுகிறது!

ஒலிப்பதிவுக் கூடமானால், ‘இன்னொரு முறை பாடுங்கள்’ எனலாம். நேரடி ஒலிபரப்பில் அது நடக்காது, 90.3 மெகாஹெர்ட்ஸ் அலையில் ஏறிய பாட்டு போனது போனதுதான். ஆளுக்கு ஓர் அறை கொடுத்துவிடலாமே என்றால், அவர்கள் ஒருவர் கண்ணை ஒருவர் பார்த்துத்தான் தாளத்தைப் பிடிக்கிறார்கள்.

ஆகவே பொறியாளர்கள் தொலைவைக் கொண்டே தொலைவை வெல்கிறார்கள். வாய்க்கும் மைக்குக்கும் 10 சென்டிமீட்டர் என்றால், அடுத்த மைக் குறைந்தது 30 சென்டிமீட்டர் தள்ளியிருக்க வேண்டும். தொலைவு மூன்று மடங்கானால் ஒலி அலையின் வீச்சு மூன்றில் ஒரு பங்காகிவிடும். மெலிந்த அலையால் வலிய அலையை அழிக்க முடியாது. பாடகர்கள் மைக்கை உதட்டோடு ஒட்டிவைத்துப் பாடுவதற்கு இதுவும் ஒரு காரணம். சத்தம் போதாமல் அல்ல! இதய வடிவில் ஒலி ஏற்கும் மைக்குகளும் உதவுகின்றன. முன்னால் வருவதை நன்றாகவும், முதுகுப் பக்கம் வருவதை மிகக் குறைவாகவும் அவை ஏற்கும். அந்த முதுகை டிரம் பக்கம் திருப்பிவைப்பார்கள்.

நீங்களும் சோதித்துப் பார்க்கலாம். ஒரே கருவியில் இணைத்த இரண்டு ஒலிபெருக்கிகளை மொட்டை மாடியில் எதிரெதிரே வைத்து, 500 ஹெர்ட்ஸ் ஒலியை மெதுவாக ஒலிக்கவிடுங்கள். ஒரு காதைப் பொத்திக்கொண்டு, நடுவில் தலையை மெல்ல நகர்த்துங்கள். ஒலி உரக்கக் கேட்கும் இடத்திலிருந்து சுமார் 17 சென்டிமீட்டர், அதாவது ஒரு சாணுக்கும் குறைவாக நகர்ந்தாலே அது மெலிந்துவிடும். அறைக்குள் மட்டும் செய்யாதீர்கள். சுவர்களின் எதிரொலி கணக்கைக் குழப்பிவிடும்.