உங்களுக்குத் தெரியுமா? – சீமாட்டியும் செங்குடையும்

திருவண்ணாமலைக் கார்த்திகைத் தீபப் பெருவிழாவில் மாடவீதி உலா வரும் உற்சவ மூர்த்திகளின் சிரசுக்கு மேல் விரியும் குடை எத்தகைய ராஜசின்னமோ, அதையொத்த ஒன்றையே, மதுரையில் திருமலை நாயக்கர் பட்டமேறிய அதே 1623-ஆம் ஆண்டில், இத்தாலியின் ஜெனோவா நகரில், வான் டைக் என்னும் பிளெமிய ஓவியர், எலேனா கிரிமால்டி என்ற பிரபுகுல ஸ்திரீயின் சித்திரத்தில் தீட்டிவைத்தார். ஏறத்தாழ எட்டடி உயரமுள்ள அப்படத்தில், செந்நிறக் கைப்பட்டிகள் துலங்கும் கருநிற அங்கியோடு, ஆரஞ்சுப் பூங்கொப்பைக் கையிலேந்தி அவள் நிற்க, பின்னே மஞ்சள் உடை தரித்த ஆப்பிரிக்கப் பணியாளன் செங்குடையை உயர்த்திப் பிடிக்கிறான். குடையின் வட்டமோ அவள் முகத்துக்குத் திருவாசியாகவே அமைந்துவிடுகிறது. தூர தேசத்து வர்த்தகத்தால் குவிந்த ஐசுவரியத்தைப் பறைசாற்றவே இத்தகைய பணியாளரை அக்காலப் படங்களில் சேர்த்தார்கள் என்பது சற்றே மனத்தை உறுத்தும் சங்கதி. இவன் பெயர்கூட நமக்குக் கிட்டவில்லை. படம் இப்போது வாஷிங்டன் தேசியக் கலைக்கூடத்தில் இருக்கிறது.