கலங்கல் கடலில் வெளிறும் பவளங்கள்

சிங்கப்பூரின் ஃபேரர் பார்க்கில் வடகிழக்கு ரயில் பாதையில் ஏறுபவர் ஆறாவது நிறுத்தமான ஹார்பர்ஃபிரண்டில் இறங்கினால், அங்கிருந்து சில கிலோமீட்டர் தொலைவிலேயே ஏறத்தாழ 250 வகைக் கடினப் பவளங்கள் வாழும் கடற்பரப்பு தொடங்கிவிடுகிறது. ஃபேரர் பார்க் அடங்கிய, சிராங்கூன் ரோட்டை ஒட்டிய வட்டாரத்தைத் தமிழர்கள் ஒரு காலத்தில் சுண்ணாம்புக் கம்பம் என்றே அழைத்தனர். அங்கிருந்த காளவாய்களில் சுண்ணாம்பாக வெந்த கால்சியம் கார்பனேட்டுதான் பவளம் தனக்குக் கட்டிக்கொள்ளும் கூட்டின் பொருளும் ஆகும். கப்பல்கள் நெருக்கியடித்து நிற்கும் துறைமுகத்தின் அடியில் இத்தகைய உயிரினம் வாழ்வதை நகரவாசிகளில் பலர் அறிவதில்லை; கடல் சூடேறி, பவளங்கள் வெளுத்துப்போகும் ஆண்டுகளில்தான் அது செய்தியாகிறது.

பவளம் என்பது தாவரமும் அன்று, கல்லும் அன்று. பாலிப் எனப்படும், பெரும்பாலும் சில மில்லிமீட்டர் அளவேயான, மென்மையான விலங்குகள் பல்லாயிரமாக ஒட்டி வாழும் குடியிருப்பு அது. பாலிப்பின் திசுக்களுக்குள் சூசாந்தெல்லே எனப்படும் நுண்பாசிகள் தங்கி, சூரிய ஒளியில் உணவு தயாரித்து, அதன் பெரும்பகுதியைப் பவளத்துக்கே கொடுக்கின்றன. பவளத்தின் பழுப்பும் பச்சையும் பெரும்பாலும் இப்பாசிகள் தரும் நிறங்களே. நீரின் வெப்பம் வழக்கமான கோடை உச்சத்தைவிட ஒரு டிகிரி அளவு உயர்ந்து சில வாரங்கள் நீடித்தால், பாசியின் ஒளிச்சேர்க்கை நிலைகுலைந்து தீங்கான ஆக்சிஜன் சேர்மங்கள் பெருக, பவளம் தன் பாசிகளை இழந்துவிடுகிறது. அப்போது நிறமற்ற திசுவின் ஊடாக வெள்ளைக் கூடு தெரிவதையே வெளிறல் என்கின்றனர். வெளிறிய பவளம் இறந்த பவளம் ஆகிவிடாது. அது பட்டினி கிடக்கும் பவளம். நீர் விரைவில் குளிர்ந்தால் பாசிகள் மீண்டும் பெருகும். தாமதமானால் திசு அழிந்து, கூட்டின்மேல் இழைப்பாசி படர்ந்துவிடும்.

சிங்கப்பூர்க் கடலில் வெளிறல் தொடங்கும் வெப்ப வரம்பு ஏறத்தாழ 31 டிகிரி செல்சியஸ். இரு பருவக்காற்றுகளுக்கு இடைப்பட்ட மே, ஜூன் மாதங்களில் இயல்பாகவே இதற்குச் சற்றுக் கீழ் வரை ஏறிவிடும் வெப்பம், பசிபிக் பெருங்கடலின் நடுப்பகுதியும் கிழக்குப் பகுதியும் சூடேறும் எல் நினோ நிகழ்வை ஒட்டிய மாதங்களில் இவ்வட்டாரத்தில் மேகமும் காற்றும் குறையும்போது வரம்பைத் தாண்டுகிறது. 1998, 2010, 2016, 2024 ஆகிய நான்கு ஆண்டுகளிலும் நடந்தது இதுவே. 1998-இல் பவளங்களில் ஏறத்தாழ 90 விழுக்காடு வெளிறி, கால்பங்கு மீளாமல் போனது. 2010-இலும் 2016-இலும் பாதிக்கு மேற்பட்டவை வெளிறின. உலகளாவிய நான்காவது பெருவெளிறல் அறிவிக்கப்பட்ட 2024-இல், ஜூலை உச்சத்தில் வெளிறியவை ஏறத்தாழ 44 விழுக்காடு. அவற்றில் பெரும்பகுதி பிறகு தேறியது.

படிப்படியாக இறங்கும் இந்த எண்களுக்கு ஒரு விளக்கம் கடலின் கலங்கலில் இருக்கலாம் என்பதுதான் சிங்கப்பூரை ஆய்வாளர்கள் கூர்ந்து நோக்கக் காரணம். 1960-களிலிருந்து நடந்த நிலமீட்புப் பணிகளும் கால்வாய்த் தூர்வாரலும் கிளப்பிய வண்டலால், முன்னர் பத்து மீட்டர் வரை தெளிவாகத் தெரிந்த நீரில் இன்று இரண்டு மீட்டர் தெரிவதே பெரிது. பவளப் பாறைகளில் 60 விழுக்காட்டுக்கு மேல் மண்ணுக்கடியில் போய்விட்டன. ஆனால் வெப்பத்தோடு கடும் ஒளியும் சேரும்போதுதான் பாசி மிக விரைவாகச் சிதைகிறது. நீரிறக்கத்தின்போது உருண்டைப் பவளம் ஒன்றைப் பார்த்தால், வெயில் நேராக விழும் உச்சி பால்வெள்ளையாகவும், நிழலான பக்கங்கள் இன்னும் பழுப்பாகவும் இருப்பதில் இது கண்ணெதிரே புலப்படும். கலங்கல் நீர் பவளத்துக்குப் பந்தல் போட்டதுபோல் ஒளியைத் தணிக்கிறது. நீரில் மிதக்கும் நுண்ணுயிர்களையும் துகள்களையும் பிடித்துண்ணப் பழகிய வகைகளுக்குப் பஞ்ச காலத்தில் அது மாற்று உணவும் ஆகிறது.

இதைக் கேட்டு வண்டலைக் கொண்டாடுவது பேதைமை. தெளிந்த கடல்களில் மேல்மட்டம் சூடேறினாலும் முப்பது, நாற்பது மீட்டர் ஆழத்தில் சில பவளங்கள் தப்பிப் பிழைக்கலாம். சிங்கப்பூரிலோ ஏழெட்டு மீட்டருக்குக் கீழே ஒளியே போதுவதில்லை என்பதால் இறங்கித் தப்ப ஆழம் கிடையாது. 1986 முதல் நடந்த நெடுங்காலக் கணக்கெடுப்பில், ஆறேழு மீட்டர் ஆழப் பவளங்கள் மேல்மட்டத்தைவிட மிக மோசமாகக் குறைந்திருந்ததும் இதனால்தான்.

கலங்கலோடு பழக்கமும் துணை செய்திருக்கக்கூடும். 2010-இல் ஆச்சேயின் வே தீவில், எளிதில் வெளிறும் அக்ரோபோரா என்னும் கிளைப் பவளம் ஏறத்தாழ முற்றாக அழிந்தபோது, சிங்கப்பூரிலும் தியோமான் தீவிலும் அதே இனம் குறைவாகவே வெளிறியது. 1998-இல் அடிபட்டுத் தப்பியவற்றின் வழிவந்தவை என்பதால் அவை தாங்கியிருக்கலாம் என்பது ஆய்வாளர் கருத்து. ஆனால் மன்னார் வளைகுடாவின் அனுபவம் எச்சரிக்கையாக நிற்கிறது. கோடைதோறும் ஏதோ ஓரளவு வெளிறிப் பழகிய அங்கும், 2016-இல் உயிருள்ள பவளப் பரப்பு 38.9 விழுக்காட்டிலிருந்து 22.7 ஆகச் சரிந்தது.

வெளிறல் பவளத்தோடு நிற்பதில்லை. திசுக்களில் அதே நுண்பாசிகளை வைத்து வாழும் கடற்சாமந்திகளும், சிங்கப்பூரில் ஏற்கெனவே அருகிவிட்ட ராட்சத மட்டிகளும் உடன் வெளுக்கின்றன. சாமந்தியை அண்டி வாழும் கோமாளி மீனும், பவள இடுக்கில் வாழும் சிறு நண்டுகளும் இருப்பிடம் இழக்கின்றன.

2016-இல் சிஸ்டர்ஸ் தீவுகள் கடல்பூங்காவின் முக்குளிப்புப் பாதைகள் சில காலம் மூடப்பட்டன. நோயுற்ற பவளத்தை மேலும் தொந்தரவு செய்யாமல் இருப்பதைத் தவிர அவ்வேளையில் செய்யக்கூடியது அதிகம் இல்லை. 2024 டிசம்பரில் தேசியப் பூங்காக் கழகம் தொடங்கிய ஒரு லட்சம் பவளங்கள் நடும் திட்டம் குறைந்தது பத்தாண்டு நீளும். பெருவெளிறல்களுக்கு இடையே இதுவரை கிடைத்த அவகாசமோ பன்னிரண்டு, ஆறு, எட்டு ஆண்டுகள். எனவே இன்று நடப்படும் துண்டுகளில் பல, திட்டம் முடிவதற்குள்ளாகவே ஒரு வெப்ப ஆண்டைச் சந்திக்கும் எனக் கொண்டே வெப்பம் தாங்கும் குடியிருப்புகளை அடையாளம் கண்டு அவற்றிலிருந்து துண்டுகளை எடுத்து வளர்க்க வேண்டியிருக்கிறது.