பகிர்வு வழங்கியில் தமிழ் எழுத்துச் சிதைவு

பகிர்வு வழங்கி என்பது ஒரே வழங்கிக் கணினியைப் பல இணையதளங்களுக்குப் பங்கிட்டுத் தரும் சேவை. செலவு குறைவு என்பதால் ஊர் வரலாறு எழுதுவோர் பலர் இதில்தான் தொடங்குகின்றனர். தளத்தை வேறு வழங்கிக்கு மாற்றும்போது தமிழ் எழுத்துகள் சிதைவதுண்டு.

தாமிரபரணி கடலில் கலக்கும் ஊரான ‘புன்னைக்காயல்’ நம் கணக்கில் 7 எழுத்து. கணினிக்கு, புள்ளியும் துணைக்காலும் தனித்தனி. ஆக 13 குறியீடுகள். யூ.டி.எஃப்-8 முறையில் குறியீட்டுக்கு 3 பைட்டு வீதம் 39 பைட்டு. மைஎஸ்க்யூஎல் தரவுத்தளமோ 8.0 பதிப்புக்கு (2018) முன்பு லத்தீன்-1 முறையையே இயல்பாகக் கொண்டிருந்தது. அம்முறையில் படித்தால் ஒவ்வொரு பைட்டும் தனி லத்தீன் குறியாகத் தோன்றும். பார்க்கப் பயமாக இருந்தாலும் எழுத்துகள் அழியவில்லை. குறிமுறையைத் திருத்தினால் மீளும்.

கேள்விக்குறிகள் வரிசையாகத் தெரிந்தால்தான் கவலை. பிஎச்பிமைஅட்மினில் அட்டவணையைத் திறந்து பாருங்கள். அங்கே தமிழ் இருந்தால் இணைப்பின் குறிமுறைதான் பிழை. அங்கும் கேள்விக்குறிகளே என்றால் எழுத்துகள் தொலைந்துவிட்டன. பழைய காப்புநகல் ஒன்றே வழி. புதிய தளத்தில் தமிழைப் படித்துப் பார்க்கும் வரை பழைய கணக்கை மூடாதீர்கள்.