புக்கை மூடுங்க பாஸ்... அப்புறம் படிங்க!

எக்ஸாமுக்கு முந்தின ராத்திரி எந்த ஹாஸ்டல் வராண்டாவுக்கு வேணும்னாலும் போய்ப் பாருங்க. கையில ஜெராக்ஸ் நோட்ஸ், அதுல பாதிப் பக்கம் ஹைலைட்டர் மஞ்சள். 'மூணு தடவை படிச்சுட்டேன் மச்சி'னு முகத்துல ஒரு நிம்மதி. காலையில கொஸ்டின் பேப்பர் கைக்கு வந்ததும் அந்த நிம்மதி எஸ்கேப்! 'எந்தப் பக்கம்னு ஞாபகம் இருக்கு, மேட்டர்தான் வரலை'னு புலம்பாத ஆள் நம்மள்ல யாரு?

மூளையைத் திட்டாதீங்க. ஒரு மேட்டர் சொல்றேன்.

2006-ல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரோடிகர், கார்பிக்கி என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் மாணவர்களை வைத்து நடத்திய ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார்கள். ஒரு பாடத்தைத் திரும்பவும் வாசிப்பது ஒரு முறை. வாசித்ததை மூடி வைத்துவிட்டு, ஞாபகம் இருப்பதை எழுதிப் பார்ப்பது இன்னொரு முறை. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்ப வாசித்ததற்கே வெற்றி: 81 சதவீதம் நினைவில் இருந்தது, எழுதிப் பார்த்ததில் 75. ஒரு வாரம் கழித்துக் கேட்டால்? திரும்ப வாசித்ததில் 42, எழுதிப் பார்த்ததில் 56!

காரணம் சிம்பிள். திரும்பத் திரும்பப் படிச்சா வரிகள் பழகிடும். பழகினதைத் தெரிஞ்சதுன்னு நம்பிடுவோம். ஆனா எக்ஸாம் ஹால்ல வரியை யாரும் காட்ட மாட்டாங்க, நாமதான் வெளியே எடுக்கணும். அதுக்குத்தான் பிராக்டிஸ் வேணும்.

இதுக்கு ஒரு வழியை ஓஹியோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் ஃபிரான்சிஸ் ராபின்சன் 1940-களிலேயே சொல்லிவிட்டார். பெயர் 'எஸ்க்யூ3ஆர்'. அஞ்சே ஸ்டெப்தான்:

1. தலைப்பு, படம், கடைசிச் சுருக்கம் எல்லாத்தையும் ஒரு ரவுண்டு பாருங்க.

2. தலைப்பைக் கேள்வியா மாத்துங்க. 'எடி கரண்ட் லாஸ்'னு இருந்தா, 'டிரான்ஸ்ஃபார்மர் கோரை மெல்லிய தகடுகளா ஏன் அடுக்கறாங்க?'

3. அந்தக் கேள்விக்குப் பதில் தேடிப் படிங்க.

4. புக்கை மூடிட்டு, பதிலை உங்க வார்த்தையில சொல்லுங்க.

5. ரெண்டு நாள் கழிச்சு மறுபடி கேட்டுப் பாருங்க.

ப்ளஸ் டூ வரை தமிழ் மீடியமா? நாலாவது ஸ்டெப் உங்களுக்கு வரப்பிரசாதம். இங்கிலீஷ் வரியை அப்படியே மனப்பாடம் பண்ணினா, நடுவுல ஒரு வார்த்தை மறந்தாலும் மொத்தப் பதிலும் காலி. முதல்ல தமிழ்ல சொல்லிப் பாருங்க. தடுமாறாம வந்தா, புரிஞ்சிருக்குன்னு அர்த்தம். அப்புறம் டெக்னிக்கல் வார்த்தைகளைச் சேர்த்து, சின்னச் சின்ன இங்கிலீஷ் வாக்கியமா எழுதிப் பழகுங்க.

மார்க்குக்காக மட்டும் இதைச் சொல்லலை. டிகிரி முடிஞ்சுட்டா நோட்ஸ் எடுத்துக் கொடுக்க சீனியர் வர மாட்டார். ஆஃபர் லெட்டர், பேங்க் லோன் பத்திரம், மெஷின் மேனுவல் எல்லாத்தையும் நாமளே படிச்சு, நாமளே புரிஞ்சுக்கணும். அங்கே அரியர் எழுதுற சான்ஸும் கிடையாது!

சரி, ஒரு குட்டி டெஸ்ட். பக்கத்தை மூடுங்க. 81, 75, 42, 56... எது எதுக்கு? சொல்லுங்க பார்ப்போம்!